பிளாஸ்டரோடு நின்றுபோன முகங்கள்

1923-இல் அமெரிக்காவில் சிலை சம்பந்தமாக மூன்று காரியங்கள் நடந்தன.

பிப்ரவரி மாதம் அந்நாட்டு செனட் சபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. தலைநகர் வாஷிங்டனில் 'மேமி'க்கு நினைவுச்சின்னம் வைக்க இடம் கொடுக்கும் மசோதா. மேமி என்றால் யார்? எஜமானன் வீட்டில் சமைத்து, துவைத்து, தன் பிள்ளை அழ எஜமானன் பிள்ளைக்குப் பால் கொடுத்த கறுப்பு அடிமைப் பெண். அவளுக்கு அவர்கள் வைத்த செல்லப்பேர் அது. நினைவுச்சின்னம் வேண்டுமென்று கேட்டது யார் தெரியுமா? அடிமைமுறையைக் காப்பாற்றச் சண்டை போட்ட தெற்குப் படைவீரர்களின் வம்சத்தில் வந்த வெள்ளைச் சீமாட்டிகளின் சங்கம். விசுவாசத்துக்குச் சிலையாம்! கறுப்பர்கள் கொதித்து எழுந்த பிறகு கீழ்ச்சபையில் மசோதா செத்தது.

ஜூன் மாதம் ஜார்ஜியாவில் ஸ்டோன் மவுண்டன் என்கிற மலையைக் குடையத் தொடங்கினார்கள். 1915-இல் கூ க்ளக்ஸ் கிளான் கும்பல் மறுபடி உயிர்பெற்றது அந்த மலை உச்சியில்தான். அங்கே தெற்குப் படைத் தளபதிகளை மலையளவுக்குச் செதுக்குவது திட்டம். உளி எடுத்தவர் கட்ஸன் போர்க்லம். இந்தப் பேரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டுக்கும் இடையில், அந்த வருஷ வசந்தகாலத்தில், மூன்றாவது காரியம். பிரான்சில் ஃபோந்தேன்புளோ அரண்மனையில் அமெரிக்க மாணவர்களுக்காகக் கோடைகாலக் கலைப்பள்ளி ஒன்று நடந்தது. நூறு பெண்களுக்கு இலவசப் படிப்பு. நியூயார்க்கிலிருந்து அகஸ்டா சாவேஜ் என்ற 31 வயதுக் கறுப்புப் பெண்ணும் விண்ணப்பித்தார். தேர்வுக்குழுவில் இருந்தவர்கள் பேர்போன கலைஞர்கள். விண்ணப்பித்தவர் கறுப்பர் என்று தெரிந்ததும் முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு வந்த பதில்: தெற்கத்தி வெள்ளைப் பெண்களும் அதே கப்பலில் வருகிறார்கள், கூடத் தங்கி கூடச் சாப்பிட வேண்டியிருக்கும், அவர்களுக்குச் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். உங்க நன்மைக்காகத்தான் சொல்றோம் என்கிற அந்தக் குரலை நமக்குத் தெரியாதா? தனிக் குவளை வைத்தவனும் இதே குரலில்தான் பேசினான்.

கறுப்பு முகத்தைக் கல்லில் வைக்க அவர்கள் தயாராகத்தான் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வேலைக்காரியின் முகமாக, அவர்கள் கை செய்கிற முகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தன் சனத்தின் முகத்தைத் தன் கையால் செய்ய ஒருத்தி கிளம்பியபோது கப்பலில் இடமில்லை. அகஸ்டாவின் மொத்த வாழ்க்கையும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று எனக்குப் படுகிறது.

அகஸ்டா 1892 பிப்ரவரி 29-இல் ஃப்ளோரிடா மாநிலம் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பதினாலு பிள்ளைகளில் ஏழாவது. அது செங்கல் அறுக்கிற ஊர். காலடியில் நல்ல களிமண். குழந்தைகள் மண்ணில் விளையாடும்; இந்தப் பிள்ளை வாத்து செய்தது, கோழி செய்தது. அப்பா எட்வர்ட் ஃபெல்ஸ் ஏழை மெதடிஸ்ட் போதகர். உருவம் செய்வது வேதத்துக்கு விரோதம் என்பது அவருடைய நம்பிக்கை. வாரத்துக்கு நாலைந்து தடவை அடி விழும், கலையையே அடித்து விரட்டப் பார்த்தார் என்று பின்னாளில் அகஸ்டா சொல்லியிருக்கிறார். 1915-இல் குடும்பம் வெஸ்ட் பாம் பீச்சுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மண் சரியில்லை. ஒரு குயவரிடம் கேட்டு வாங்கிய மண்ணில் மரியாள் சிலை செய்து காட்டிய பிறகுதான் அப்பா கையை இறக்கினார். பிள்ளை செய்த வாத்து பாவம், மாதா சிலை புண்ணியம்!

இதற்குள் 15 வயதில் கல்யாணம், 16 வயதில் ஒரு பெண் குழந்தை, சில வருஷத்தில் புருஷன் சாவு எல்லாம் ஆகியிருந்தது. சாவேஜ் என்பது இரண்டாவது புருஷனின் பேர். அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை, பேர் மட்டும் நிலைத்தது.

உள்ளூர்ச் சந்தைக் கண்காட்சியில் அவர் வைத்த மண் பொம்மைகளுக்குப் பரிசு கிடைத்தது. கண்காட்சி அதிகாரி ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். மகளைப் பெற்றோரிடம் விட்டுவிட்டு 1921-இல் நியூயார்க்கில் இறங்கியபோது கையில் 4 டாலர் 60 சென்ட். கடிதத்தோடு போய்ப் பார்த்த சிற்பி சோலன் போர்க்லம். மலையைக் குடையப்போகிற கட்ஸனின் உடன்பிறந்த தம்பி! தன்னிடம் படிப்பவர்கள் பணக்கார வீட்டுப் பெண்கள், கட்டணம் உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்லி, கட்டணமில்லாத கூப்பர் யூனியன் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். அங்கே காத்திருப்போர் பட்டியலில் 142 பேர். வேலையைப் பார்த்ததும் அத்தனை பேரையும் தாண்டி இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். நாலு வருஷப் படிப்பை மூன்று வருஷத்தில் முடித்தார்.

முதலில் பேர் வாங்கிக்கொடுத்தது ஆளுருவச் சிலைகள்தான். ஹார்லெம் பகுதியின் 135-ஆம் தெரு நூலகம் கேட்டு, அறிஞர் டு பாய்ஸின் மார்பளவுச் சிலையைச் செய்தார். அடுத்து மார்கஸ் கார்வி. அந்த நாளில் டு பாய்ஸும் கார்வியும் ஜென்மப் பகையாளிகள். ஒருத்தர் பத்திரிகையில் ஒருத்தரைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். அகஸ்டா இரண்டு பேர் முகத்தையும் ஒரே மண்ணில் பிசைந்தார். கார்வி இயக்கத்து ராபர்ட் போஸ்டனை 1923-இல் கட்டிக்கொண்டார். லைபீரியா போய்த் திரும்பும் வழியில் அவர் கப்பலிலேயே செத்துப்போனார். அகஸ்டாவுக்காக அப்புறம் ஓடியாடி உதவி கேட்டது டு பாய்ஸ். ஒரே மேடையில் ஏற மாட்டேன் என்று அடம் பிடிக்கிற நம்ம தலைவர்களுக்கு இதைச் சொல்லலாம், கேட்டால்.

ஃபோந்தேன்புளோ விஷயத்தில் அகஸ்டா வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போய்ச் சண்டை போட என் சகோதரன் தகுதியானவன், அவன் சண்டை போட்ட நாட்டில் விருந்தாளியாகப் போய்ப் படிக்க நான் தகுதியில்லாதவளா என்று கேட்டார். பெரிய சர்ச்சையானது. குழு அசையவில்லை. குழுவில் ஒரே ஒருவர், ஹெர்மன் மக்நீல் என்ற சிற்பி, வெட்கப்பட்டு, தன் பட்டறைக்கு வந்து கற்றுக்கொள்ளும்படி கூப்பிட்டார். மற்றபடி கிடைத்தது என்ன? 'வம்புக்காரி' என்ற பேர். அது கடைசிவரைக்கும் கூடவே வந்தது. பொறுமையாக இருந்திருந்தால் இன்னும் மேலே வந்திருப்பார் என்று எழுதுகிற கலை விமர்சகர்கள் இருப்பார்கள். பொறுமையாக இருந்து மேலே வந்தவர்களின் பட்டியலையும் அவர்கள் தந்தால் நல்லது.

1925-இல் ரோம் நகரக் கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இந்தமுறை நிறம் தடுக்கவில்லை, காசு தடுத்தது. படிப்பு இலவசம், கப்பல் கட்டணமும் அங்கே சாப்பாட்டுச் செலவும் யார் தருவது? அகஸ்டா அப்போது பார்த்தது நீராவிச் சலவைக்கூடத்தில் துணி வெளுக்கிற வேலை. ஊரிலிருந்து வந்துசேர்ந்த பெற்றவர்களும் உறவுக்காரர்களும் அவருடைய சின்ன வீட்டில் அடைந்து கிடந்தார்கள். ரோம் போகவில்லை.

கடைசியில் கப்பல் ஏற்றிவிட்டது ஒரு பையன். ஹார்லெமில் இருந்த அவருடைய உறவுக்காரச் சிறுவனே மாதிரி என்கிறார்கள். 1929 வாக்கில் செய்த 'காமின்' என்ற சிலை. பிரெஞ்சில் தெருப்பையன் என்று பொருள். ஒரு சாண் உயரம்தான் இருக்கும். தலையில் கோணலாக ஒரு தொப்பி, கசங்கின சட்டை, ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை. சிரிக்கவில்லை, அழவுமில்லை. உன்னை எடை போட்டுவிட்டேன் என்கிற மாதிரி ஒரு பார்வை. நம்ம தெரு முக்கில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையனிடம் இந்தப் பார்வையைப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கறுப்பு முகம் என்றால் தடித்த உதடு, உருட்டு விழி, இளிப்பு. சாம்பல் கிண்ணத்திலும் பிஸ்கட் ஜாடியிலும் அந்த முகத்தைத்தான் விற்றார்கள். அந்த ஆயிரக்கணக்கான கேலி முகங்களுக்கு நடுவில் இந்தப் பையன் வந்து தொப்பியைச் சரித்துக்கொண்டு நின்றான். தெருப்பையனின் முகத்தில் அறிவு இருக்கிறது என்று காட்டுவதற்கு வேறெந்தக் கொள்கை முழக்கமும் அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் வேலைகளில் எனக்கு உசத்தி இதுதான்.

அதைப் பார்த்து ரோசன்வால்ட் அறநிதி உதவித்தொகை கொடுத்தது. வழிச்செலவுக்கு ஹார்லெம் மக்களும் வாத்தியார்களும் வசூல் பண்ணினார்கள். முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்ட ஆறாவது வருஷம், 1929-இல், அதே பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். பாரிசில் கிராந் ஷோமியேர் கலைக்கூடத்தில் படித்தார். அங்கே இலையுதிர்காலக் கண்காட்சியில் அவர் வேலைகளை வைத்தார்கள். இன்னொரு உதவித்தொகையில் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி என்று சுற்றி, தேவாலயங்களையும் அருங்காட்சியகங்களையும் பார்த்தார். 1931-இல் பாரிசில் நடந்த காலனியக் கண்காட்சியிலும் ஒரு பதக்கம் கிடைத்தது. காலனி நாட்டுச் சனங்களையும் அவர்கள் குடிசைகளையும் கொண்டுவந்து வேடிக்கைக்கு நிறுத்திய கண்காட்சி அது. ஒரு பக்கம் கறுப்பு உடம்பு காட்சிப்பொருள், இன்னொரு பக்கம் கறுப்புக் கைக்குப் பதக்கம். வாங்கும்போது அவர் மனசில் என்ன ஓடியிருக்கும்?

இங்கே தொழில் நுணுக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுவாமிமலைப் பக்கம் மெழுகு வைத்து வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். ஆளுருவச் சிற்பி முதலில் களிமண்ணில் முகத்தைப் பிடிக்கிறார். களிமண் காய்ந்தால் வெடிக்கும். அதனால் அதன்மேல் அச்செடுத்து பிளாஸ்டரில் ஒரு படி எடுப்பார். பிளாஸ்டர் சுண்ணாம்புக்கட்டி மாதிரி, விழுந்தால் உடையும், ஈரம் பட்டால் ஊறும். அது பாதிவழிதான். அதை வார்ப்புப் பட்டறைக்குக் கொண்டுபோய் வெண்கலத்தில் வார்த்தால்தான் முகம் நிற்கும், நூறு வருஷம், ஐநூறு வருஷம். பட்டறைக்குக் காசு வேண்டும். அகஸ்டாவிடம் பெரும்பாலும் அந்தக் கடைசிப் படிக்குக் காசிருந்ததில்லை. பிளாஸ்டரின் மேலேயே வெண்கல நிறத்தைப் பூசி வைத்தார். காமினும் அப்படித்தான், சாயம் பூசின பிளாஸ்டர்.

நம்ம பக்கத்துச் சிலைகளையும் யோசித்துப் பாருங்கள். எங்க ஊர்ச் சேரி முகப்பில் நிற்கிற அம்பேத்கர் சிமெண்ட் சிலை. செய்தவர் ஒரு கொத்தனார். நீலக் கோட்டு, கையில் புத்தகம், மூக்கு கொஞ்சம் கோணல். மழைக்குச் சாயம் போகும், வருஷா வருஷம் ஏப்ரல் 14-க்கு முன்னால் பெயிண்ட் அடிப்போம். சுற்றிலும் கம்பிக் கூண்டு. கலைப்பள்ளியில் படித்தவர் வந்து பார்த்தால் விகிதாச்சாரம் சரியில்லை என்பார். சரியில்லைதான். ஆனால் அது எங்க ஆள் கையால் செய்த எங்க ஆள் முகம். அந்த மாதிரி ஒரு முகத்துக்கு 1997 ஜூலை 11-இல் மும்பை ரமாபாய் நகரில் செருப்பு மாலை போட்டார்கள். ஏன் என்று கேட்டு ரோட்டுக்கு வந்தவர்களைப் போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். சிலை வெறும் சிலைதானே என்று சொல்கிறவர்கள் அந்தப் பத்துப் பேரையும் எண்ணிவிட்டுச் சொல்லட்டும்.

அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் போன பிறகுதான் அகஸ்டா வந்தார், சந்தித்ததில்லை. ஆனால் அகஸ்டா முகம் பிடித்த அதே டு பாய்ஸுக்கு 1946-இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் அனுப்பிய மனுவின் படி வேண்டுமென்று கேட்டார். டு பாய்ஸும் மறுமொழி போட்டார். இந்தக் கதையை நான் இங்கே எழுத அந்த இரண்டு கடிதங்களே போதும்.

அகஸ்டா ஊர் திரும்பியபோது பெரும் பொருளாதார வீழ்ச்சி. சிலை வாங்க ஆளில்லை. ஹார்லெமில் ஒரு பட்டறை திறந்து தெருப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கட்டணம் கிடையாது. சன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற பிள்ளையையும் உள்ளே கூப்பிட்டு மண்ணைக் கையில் கொடுப்பாராம். 1934-இல் தேசியப் பெண் ஓவியர் சிற்பியர் சங்கத்தில் முதல் கறுப்பு உறுப்பினர் ஆனார். 1937-இல் அரசு நிதியில் ஹார்லெம் சமுதாயக் கலை மையம் தொடங்கியபோது அவர்தான் முதல் இயக்குநர். ஜேக்கப் லாரன்ஸ் என்ற இளைஞரை அரசின் கலைஞர் வேலைத் திட்டத்தில் சேர்க்கக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். 21 வயது ஆகவில்லை என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். லாரன்ஸே அதை மறந்துவிட்டார். அகஸ்டா மறக்கவில்லை, வயது முடிந்ததும் மறுபடி கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டுத்தான் விட்டார். தெற்கிலிருந்து கறுப்பர்கள் கூட்டம் கூட்டமாக வடக்கே போனதை 60 படங்களாக 1941-இல் லாரன்ஸ் தீட்டி முடித்தார். அகஸ்டாவிடம் வந்து போனவர்களில் கென்னத் கிளார்க்கும் ஒருவர். பின்னாளில் உளவியலாளராகி, மனைவி மேமி கிளார்க்கோடு சேர்ந்து கறுப்புக் குழந்தைகளிடம் இரண்டு நிறப் பொம்மைகளைக் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டுச் சோதனை செய்தவர். பள்ளிகளில் நிறம் பிரிப்பது செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் அவருடைய ஆய்வுக்கும் இடமுண்டு.

தான் நிலைத்து நிற்கிற அழகான எதையும் செய்ததில்லை, பிள்ளைகளின் வேலையே தனக்குச் சின்னமாக இருக்கும் என்று அகஸ்டா ஒரு பேட்டியில் சொன்னார். இதை எடுத்துப்போட்டு அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. நிலைத்து நிற்கிறதைச் செய்ய அவருக்கு யார் காசு கொடுத்தார்கள்?

கொடுத்த ஒரே பெரிய வாய்ப்பு 1939 நியூயார்க் உலகக் கண்காட்சி. கறுப்பர்கள் இசைக்குத் தந்த கொடையைச் சிற்பமாக்கச் சொன்னார்கள். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுதிய 'லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்' என்ற பாட்டை அகஸ்டா எடுத்துக்கொண்டார். 1900-இல் ஜாக்சன்வில் ஊரில் 500 பள்ளிப் பிள்ளைகள் முதல்முறை பாடிய பாட்டு. அகஸ்டா பிறந்த ஊருக்குக் கிட்டத்தில்தான் ஜாக்சன்வில். யாழ் வடிவம், 16 அடி உயரம். பன்னிரண்டு கறுப்புப் பாடகர்கள் உயர வரிசையில் நிற்கிறார்கள், அவர்கள் அங்கியின் மடிப்புகளே நரம்புகள். அடியில் தாங்குவது கடவுளின் கை. முன்னால் ஓர் இளைஞன் இசைக் குறிப்பை ஏந்தி மண்டியிட்டிருக்கிறான். அந்த மண்டியிடல் எனக்குப் பிடிக்கவில்லை, காமின் மண்டியிடாதவன். ஆனாலும் படத்தில் பார்க்கையில் அந்தப் பன்னிரண்டு முகங்களும் வாய் திறந்து நிற்பது நெஞ்சைப் பிடிக்கிறது. கண்காட்சிக்காரர்கள் பாட்டின் பேரை எடுத்துவிட்டு 'யாழ்' என்று மொட்டையாகக் கூப்பிட்டார்கள். சின்னச் சின்ன உலோகப் படிகளும் தபால் அட்டைகளும் கண்காட்சியில் விற்றன.

அசல் பிளாஸ்டர். கருங்கல் மாதிரி தெரியப் பூச்சு பூசியிருந்தார். 1940-இல் கண்காட்சி முடிந்தது. வெண்கலத்தில் வார்க்கக் காசில்லை, எடுத்துப்போய் வைக்க இடமில்லை. புல்டோசர் விட்டு உடைத்தார்கள்.

அதே 1940-இல் தெற்கு டக்கோட்டாவில் லக்கோட்டா மக்களிடமிருந்து பிடுங்கிய மலையில் நாலு ஜனாதிபதிகளின் முகம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. செதுக்கியவர் அதே கட்ஸன் போர்க்லம். அதற்கு அரசாங்கக் காசு இருந்தது. அவர் பாதியில் விட்டுவந்த ஸ்டோன் மவுண்டன் தளபதிகளையும் 1972-இல் வேறு ஆட்கள் செதுக்கி முடித்தார்கள். அதற்கும் காசு இருந்தது.

சிற்ப வேலைக்காக விடுப்பில் போன அகஸ்டா திரும்பி வந்தபோது கலை மையத்தின் இயக்குநர் நாற்காலியில் வேறொருவர். 1939-இல் கறுப்புக் கலைஞர்களுக்கென்று ஒரு காட்சிக்கூடம் திறந்தார். பார்க்கச் சனம் வந்தது, வாங்க வரவில்லை. கொஞ்ச நாளில் மூடினார். 1940-களின் நடுவில் நியூயார்க் நகரை விட்டு சாகர்டீஸ் என்ற கிராமப் பக்கம் போய்விட்டார். கோழி வளர்த்தார், பிள்ளைகளுக்கு மண் வேலை சொல்லிக்கொடுத்தார், பக்கத்துக் காளான் பண்ணைக்காரர் நடத்திய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அந்தப் பண்ணைக்காரரே சிலை செய்யச் சாமான் வாங்கிக் கொடுத்ததும் உண்டு. 1962 மார்ச் 26-இல் புற்றுநோயில் இறந்தார். ரோடின், எப்ஸ்டைன் என்று பட்டியல் போடுகிற நம்ம நவீன கலை எழுத்தாளர்கள் இந்தப் பேரை எழுதி நான் பார்த்ததில்லை.

அவர் செய்ததில் பெரும்பகுதி இன்று இல்லை; உடைந்தது, காணாமல் போனது, புகைப்படமாக மட்டும் மிஞ்சியது. 2018-இல் ஜாக்சன்வில் கம்மர் அருங்காட்சியகம் மிச்சத்தைத் தேடிச் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தது. அடுத்த வருஷம் அது நியூயார்க்குக்குப் போனது. யாழின் நினைவுப்படிகள் அங்கொன்றும் இங்கொன்றும் இருக்கின்றன. காமினின் ஒரு பிளாஸ்டர் படி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மேமி சிலை வைக்க இடம் கேட்ட அதே ஊரில். இந்த இதழின் பின்னட்டையில் அவன் படத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டிருக்கிறோம். நம்ம அச்சகத்தில் தொப்பியின் ஓரம் கொஞ்சம் மங்கிவிட்டது. கண் தெளிவாக விழுந்திருக்கிறது.